அம்மன் பிரித்த இரண்டு வரிசைகள்

பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்று. அது நிறைய, வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய சின்னச் சின்னப் பொட்டலங்கள். சிலவற்றுக்குள் சிவப்பு அரளி, சிலவற்றுக்குள் வெள்ளை நந்தியாவட்டை. வெளியிலிருந்து பார்த்தால் எதற்குள் எது என்று தெரியாது.

எம். புதுப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு பட்டாசு ஆலை. அதை ஒட்டி ஓர் அம்மன் கோயில். பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே ஆலையில் வேலை பார்க்கிற பெண்கள் குளித்து முழுகி, ஈரத்தலையோடு அந்தத் தாம்பாளத்தைச் சுற்றி நின்றார்கள்.

நானும் நின்றேன். எனக்குப் பக்கத்தில் கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுந்தரேசன் சார் நின்றார். சென்னையிலிருந்து வந்த வணிகவியல் பேராசிரியர். நான் விருதுநகர்க்காரன், பி.காம். முடித்துவிட்டு அவருக்கு ஆராய்ச்சி உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன்.

பூசாரி ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் கொடுத்தார். சிவப்பு வந்தால் அன்றிலிருந்து கோடை முடியும்வரை அவளுக்கு நாள் கூலி. வெள்ளை வந்தால் பழையபடி உருப்படிக் கூலி, அதாவது செய்து முடித்த வெடிக்கு இவ்வளவு என்று.

பாக்கியத்தக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை. அவள் அம்மனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

பூ எதற்கு?

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அந்த இடத்தில் பெண் எடுக்கலாமா, கிணறு தோண்டலாமா, பங்காளி மேல் வழக்குப் போடலாமா என்று மனசு குழம்பினால் அம்மன் காலடியில் பூ வைத்துக் கேட்பார்கள். வருவது உத்தரவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஆனால் வணிகவியல் ஆராய்ச்சிக்கு ஆள் பிரிக்கப் பூக்கட்டியதை நான் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். சீனச் சண்டைக்கு அடுத்த கோடை என்று நினைவு. ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம்.

சாருடைய கேள்வி நல்ல கேள்வி. அதை இப்போதும் சொல்வேன். உருப்படிக்குக் கூலி என்றால் கை பறக்கும். கை பறக்கிற இடத்தில் வெடிமருந்து உராயும். உராய்ந்தால் என்ன ஆகும் என்று சிவகாசிப் பக்கத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் நாள் கூலி கொடுத்தால் விபத்து குறையுமா? உற்பத்தி எவ்வளவு விழும்? முதல் பாதிக்காக சார் வந்தார். இரண்டாம் பாதிக்காக முதலாளி அண்ணாச்சி ஆலைக் கதவைத் திறந்துவிட்டார்.

இன்றைக்கும் ஆய்வு மாணவர்கள் வந்து, ‘ஐயா, எந்த ஆய்வு முறையைத் தேர்ந்தெடுக்கலாம்?’ என்று கேட்கிறார்கள், சட்டைத் துணி எடுக்கிற மாதிரி. அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். பாதியிலேயே கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

மூன்று வழி

விருதுநகரில் சாருக்கு ஒரு மாடி அறை பிடித்துக் கொடுத்திருந்தேன். கீழே எண்ணெய் ஆட்டுகிற செட்டு. பிண்ணாக்கு வாசனையில்தான் எங்கள் ஆய்வுத் திட்டம் உருவானது.

நான் முதலில் சொன்னது, வீடு வீடாகப் போய்க் கேட்கலாம் என்று. புதுப்பட்டி, நாரணாபுரம், சாத்தூர்ப் பக்கம் என்று சுற்றினால் ஒரு மாதத்தில் ஊர்க்கதை முழுக்கத் தெரிந்துவிடும். சார் தலையை ஆட்டினார். கேட்கிறவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள், முதலாளிக்குப் பயந்து பாதியை விழுங்குவார்கள், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார்.

நடந்துபோன விபத்துகளை எடுத்துப் பார்க்கலாம் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் நியாயமானது. விபத்தில் போனவரிடம் கேட்க முடியாது. இருப்பவர்கள் சொல்வது ‘அவன் அஜாக்கிரதை’ என்பது மட்டும்தான்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது சோதனை முறை. ஒரே ஆலை, ஒரே வேலை, ஒரே வெயில். ஆட்களை இரண்டாகப் பிரி. ஒரு வரிசைக்குக் கூலி முறையை மாற்று, இன்னொரு வரிசையை அப்படியே விடு. கோடை முழுக்கப் பார். வித்தியாசம் வந்தால் அது கூலியால் வந்தது. கரும்பலகையில் எழுதிப் பார்த்தால் அதைப் போல அழகான திட்டம் வேறு இல்லை. எனக்கே ஆசையாகத்தான் இருந்தது.

ஆளைப் பிரிப்பதில் யாருடைய விருப்பும் கலக்கக் கூடாது, சீட்டுக் குலுக்க வேண்டும் என்றார் சார். அங்கேதான் அண்ணாச்சி குறுக்கிட்டார்.

“சார், ஆபீசுல வச்சு நீங்க சீட்டு எடுத்தா, கணக்கப்பிள்ளை ஆள் பாத்து எடுத்துட்டான்னு நாளைக்கே பேச்சாகும். ஆத்தா எடுத்துக் குடுக்கட்டும். ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா” என்றார்.

சாருக்கு அது பிடித்துப்போனது. பூவோ சீட்டோ, குலுக்கல் குலுக்கல்தானே. நான்தான் மல்லுக்கு நின்றேன். சீட்டில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம், அம்மன் உத்தரவை யார் திருத்துவது என்று கேட்டேன்.

“திருத்தக் கூடாது என்பதுதானே நமக்கு வேண்டும், மிஸ்டர் குருசாமி?” என்றார்.

அப்பாவின் குத்தூசி

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம். விருதுநகர் பேட்டையில் மல்லி, உளுந்து, வத்தல் வியாபாரம். கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், மூட்டை வந்து இறங்கினால் இடுப்பிலிருந்து குத்தூசியை உருவுவார். குழல் மாதிரி இருக்கும். சாக்கில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கிற சரக்கு ஒரு பிடி வரும்.

வாய்ப்பக்கம் நல்ல சரக்கும் வயிற்றில் தூசியும் வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. அதனால் விற்கிறவன் கண் எங்கே போகக் கூடாது என்று தவிக்கிறதோ அங்கே குத்துவார். கொண்டு வந்தவன் முகம் சுண்டிப்போகும். அப்பா சிரித்துக்கொண்டே விலையை இறக்குவார். ஊரில் அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசியவர்கள் குறைவு.

குத்திப் பார்த்த பிறகு, அந்த ஓட்டையை விரலால் தேய்த்துச் சாக்கு இழையைச் சேர்த்துவிடுவது என் வேலை. மறந்துவிட்டு நகர்ந்தால் எனக்குத் திட்டு விழும். பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போய்விடுவான், மூட்டை ராத்திரி பூராவும் ஒழுகிக்கொண்டிருக்கும்.

பாக்கியத்தக்காவை எனக்குத் தெரிந்ததும் அந்தக் கிட்டங்கியில்தான். எங்கள் வீட்டுக்குப் பின்தெருப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் எங்களிடம் வத்தல் காம்பு கிள்ள வருவாள். அவள் கை வேகத்துக்கு இன்னொரு கை கிடையாது. என்னைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவள். பிறகு புதுப்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனாள். புருஷனுக்குக் கண்ணில் மருந்து தெறித்துப் பார்வை மங்கிவிட்டது. வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது மட்டும்தான். அந்தப் பங்குனியில் அவளுக்குக் கைப்பிள்ளை வேறு.

தட்டு நிறைந்த விதம்

ஆலைக்குள் பிள்ளை வரக் கூடாது. அது சரியான விதிதான். வாசல் கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருப்பார்கள். வாச்மேன் பொண்டாட்டி ஆட்டிவிடுவாள். பால் குடிக்க அழுதால் ஆள் சொல்லி அனுப்புவாள். தாய்க்காரி கையைக் கழுவி, மேலே ஒட்டிய மருந்தைத் துடைத்து, நடந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

உருப்படிக் கூலியில் அந்த நேரம் நஷ்டம். அதற்குப் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பால் கொடுக்கப் போனவள் திரும்பி வருவதற்குள், அவள் தட்டில் மற்றவர்கள் தாங்கள் செய்த வெடியில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பார்கள். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், நன்றி சொல்வதும் இல்லை. இன்றைக்கு அவளுக்கு, போன வருஷம் எனக்கு, அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வு அதை முதல் நாளே நிறுத்திவிட்டது. தனித்தனி ஆளின் உற்பத்தி தெரிந்தால்தான் வித்தியாசம் தெரியும். அவரவர் தட்டில் அவரவர் செய்தது மட்டும் இருக்க வேண்டும். சாருடைய திட்டத்தில் அது ஒரு வரி. பூ எடுத்த அன்றே அம்மன் முன்னால் எல்லோரையும் அதற்கு ஒத்துக்கொள்ள வைத்திருந்தார் அண்ணாச்சி.

தட்டு நிறைக்கிற வழக்கத்தைச் சொல்லி, அதை நிறுத்தினால் பழைய வரிசையும் பழைய வரிசையாக இருக்காதே என்று கேட்டேன். சார் திட்டத்தை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தார். நியாயமான ஐயம்தான் என்றார். ஆனால் இரண்டு வரிசைக்கும் ஒரே விதி என்பதால் ஒப்பீடு கெடாது என்று முடித்துவிட்டார்.

நாள் கூலி வரிசைக்கு அதனால் ஒன்றும் இல்லை. அங்கே எத்தனை தடவை எழுந்து போனாலும் கூலி குறையாது. அடி விழுந்தது வெள்ளைப் பூக்காரிகளுக்கு. அதிலும் கைப்பிள்ளைக்காரி பாக்கியத்தக்கா ஒருத்திதான்.

மாற்றிக் கேட்டாள்

கோயிலிலிருந்து திரும்பும்போதே அக்கா பின்னால் வந்தாள்.

“தம்பி, என்னைய அந்தப் பக்கம் மாத்திவிடச் சொல்லுங்க. கருப்பாயி மதினிக்குச் சிவப்பு விழுந்திருச்சு. அவுகளுக்கு நாள் கூலி வேண்டாமாம், கை வேகம் இருக்கிறவுக. அவுக இங்கன வரட்டும், நான் அங்கன போறேன். பிள்ளைக்கு வேற பாலு ஒத்துக்கிட மாட்டேங்குது” என்றாள்.

இரண்டு பேருக்கும் நல்லது. யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சாரிடம் ஓடினேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். விரும்புகிறவர் விரும்புகிற வரிசைக்குப் போகலாம் என்றால், பிறகு வரும் வித்தியாசம் கூலியால் வந்ததா ஆளால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஒருத்தியை மாற்றினால் நாளைக்கு இன்னொருத்தி வருவாள். ஓர் ஆளை நகர்த்தினாலும் ஆய்வு செல்லாது என்றார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் புத்தகப்படி சரி. அதனால்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அண்ணாச்சியிடம் போனேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஏலே, ஆத்தா குடுத்ததை மாத்த நான் யாருலே? சீசன் நேரத்துல ஆலையில ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆனா நீயா பதில் சொல்லுவே?” என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே வாயைத் திறக்கவில்லை. முதலாளிதான் அம்மனுக்கு வக்கீல்.

சரி, யாருக்கும் சொல்லாமல் நாமே மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். கருப்பாயி மதினி முதலில் சம்மதித்தாள். மறுநாள் காலையில் கேட்டிலேயே என்னை நிறுத்தினாள். முகம் வெளிறியிருந்தது. ராத்திரி அவள் மகளுக்கு உடம்பு கொதித்திருக்கிறது. கோடைக் காய்ச்சல் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வருகிற எண்ணம் அம்மை. அம்மை என்றால் ஆத்தா.

“மாத்தணும்னு மனசுல நெனச்சதுக்கே எச்சரிக்கை குடுத்துட்டா தம்பி. என்னைய விட்டுருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் மகளுக்கு அம்மை போடவே இல்லை, இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதையும் ஆத்தாவின் கருணை என்றே எடுத்துக்கொண்டாள்.

அந்த மகமாயியை நான் திட்டாத திட்டு இல்லை. அவள் பாவம், ஒரு தாம்பாளத்துப் பூவுக்கு மேலே எதுவும் செய்யாதவள்.

வேப்பமரத்தடி

நான் குற்றவாளி என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள இதை எழுதவில்லை. எதிர்த்தேன், தோற்றேன். தோற்ற பிறகும் சம்பளத்துக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு அறை வாசலாகப் போய் அவரவர் தட்டில் எவ்வளவு என்று குறிப்பதுதான் என் வேலை.

அக்கா முதலில் எப்போதும்போல எழுந்து போனாள். வாரக் கூலி கைக்கு வந்தபோது முகம் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் குறைவாகப் போனாள். அதற்கடுத்த வாரம் இன்னும் குறைவு. போகாதே என்று யாரும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. இடையிலே ஒரு தடவை கருப்பாயி கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள், அக்கா தட்டில் கொஞ்சம் வைத்தால் நீங்கள் பார்க்காத மாதிரி இருப்பீர்களா என்று. வையுங்கள் என்றேன். ஆனால் அவள் வேறு வரிசை, வேறு அறை. அக்காவோடு உட்கார்ந்திருந்தவர்கள் அம்மன் பேரில் ஒத்துக்கொண்ட விதி என்று பயந்தார்கள்.

மாரில் பால் கட்டிக்கொண்டு சேலை நனைந்து அவள் வெடிக்குள் மருந்து செலுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தலையை நிமிர்த்த மாட்டாள்.

வாச்மேன் பொண்டாட்டி நல்லவள்தான். பிள்ளை வீறிட்டால் ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினாள். அக்கினி நட்சத்திர வெயில், மண்பானைத் தண்ணீர், ஈ மொய்க்கிற சங்கு. பிள்ளைக்கு வயிற்றால் போனது. நாட்டு வைத்தியம் பார்த்தார்கள். பிறகு சிவகாசி ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். போகிற வழியிலேயே அவள் மடியில் முடிந்துவிட்டது.

பிள்ளையைப் புதைத்த மூன்றாம் நாளே அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. அறைக்குள் போய் அவள் இடத்தில் உட்கார்ந்தாள். கேட்டுப் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கும் அவள் தட்டைப் பார்த்துக் குறித்தேன்.

அந்தக் கோடையில் ஆலையில் ஒரு சிறு தீக்காயம்கூட இல்லை. இரண்டு வரிசையிலும் இல்லை.

தேர்ச்சி

ஆனி பிறந்ததும் ஆய்வு முடிந்தது. மாடி அறையில் சார் உற்சாகமாகக் கோடு போட்டுக் காட்டினார். நாள் கூலி வரிசையின் கோடு மேடு பள்ளம் இல்லாமல் போயிற்று. உருப்படிக் கூலி வரிசையும் அதை ஒட்டியே போய்க் கடைசி மாதத்தில் மட்டும் மேலே ஏறியது. சின்ன வரிசை, அதனால் ஏற்றம் கண்ணில் பட்டது. இதற்குத் தேர்ச்சி என்று பெயர், வேலை பழகப் பழகக் கை கூடுவது என்றார். அதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதலாம் என்று பேனாவைத் திறந்தார்.

“அது தேர்ச்சி இல்ல சார். பாக்கியத்தம்மாளுக்குப் பிள்ளை செத்துப்போச்சு. இப்ப எந்திரிச்சுப் போற வேலை இல்ல” என்றேன்.

கீழே செக்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிள்ளை இறந்த செய்தி அவருக்குத் தெரியாது. ஆலைக்கு வெளியே நடப்பதைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் திட்டத்தில் இல்லை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கல்நெஞ்சுக்காரர் இல்லை அவர். அப்படி இருந்திருந்தால் எனக்கு மறப்பது சுலபமாக இருந்திருக்கும்.

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “அப்படியானால் அந்த ஆளை எடுத்துவிட வேண்டியதுதான், மிஸ்டர் குருசாமி. அவர் நிலைமை மற்றவர்களைப் போல இல்லை” என்றார்.

ஓர் ஆளை நகர்த்தினாலும் ஆய்வு செல்லாது என்று சொன்னவர்தான். பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அவளை எடுத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு வரிசையும் ஏறக்குறைய சமம். விபத்தும் இல்லை, உற்பத்தியில் வித்தியாசமும் இல்லை. கூலி முறையை மாற்றத் தேவை எதுவும் தென்படவில்லை என்று அறிக்கை போயிற்று. அண்ணாச்சி எங்கள் இரண்டு பேருக்கும் மாலை போட்டார். மறுவாரமே நாள் கூலி வரிசையைக் கலைத்துவிட்டார்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். ஊருக்குப் போகிறீகளா, சாப்பிட்டீகளா என்று விசாரித்தாள். புஸ்தகம் அச்சாகி வந்துவிட்டதாமே என்றும் கேட்டாள். ஆலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வந்துவிட்டது என்றேன். என் பைக்குள்தான் ஒரு பிரதி இருந்தது.

“என்னையப் பத்தி எழுதியிருக்கா தம்பி?”

“எழுதியிருக்குக்கா. கை வேகம்னு எழுதியிருக்கு” என்று பொய் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் ஏற வேண்டிய பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“பிள்ளையப் பத்தி?”

“அதுவும் இருக்குக்கா.”

“என்ன பேரு போட்டிருக்கு?” என்றாள்.

கோடை முழுக்க அந்த வேப்பமரத்தைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது.